வெற்று நிலம் என்று நான் எழுதிய இடம்

நான் வேலை பார்க்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே ஜெர்மனியின் கார்ஹிங் ஊர்ப் புல்வெளி. மேஜைத் திரையில் மணல். பதினோரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, ராஜஸ்தானின் மேற்கே பாலைவனத்துச் சிற்றூர்கள் எப்படி அமைந்திருக்கின்றன, எந்தப் பக்கம் வளர்கின்றன, எங்கே நின்றுபோகின்றன என்று பார்த்து வரைபடம் செய்வது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயரும் ஒரு நிறமும் தரவேண்டும். வீடு, தெரு, குளம், தொழுவம், கல்லறை. எதுவுமே பொருந்தாவிட்டால் இருக்கவே இருக்கிறது கடைசிப் பெயர்: வெற்று நிலம்.

அந்தக் கடைசிப் பெயர் மேல் எனக்கு எப்போதும் கோபம். பாலைவனத்து ஊர் கண்ட இடத்தில் முளைத்துவிடாது. மணலுக்கு அடியில் களிமண்ணோ பாறையோ இருந்து, பெய்கிற நாலு தூறலைப் பிடித்துவைக்கும் இடமாகப் பார்த்துத்தான் ஊர் உட்காரும். வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு சுவரின் நிழல் எதிர்ச் சுவரில் விழும்படி தெருக்கள் குறுகலாக இருக்கும். ஊருக்கு வெளியே குளம். குளத்துக்கு மேலே, மழைநீர் வழிந்து வருகிற சரிவு. அந்தச் சரிவில் யாரும் வீடு கட்டமாட்டார்கள், ஆடு மேய்க்கமாட்டார்கள், செருப்போடு நடக்கக்கூட மாட்டார்கள். அதைத் தாண்டி ஒட்டகங்கள் படுக்கிற இடம், பிறகு சுடுகாடு, அதற்கும் அப்பால் கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாக முள்வேலி போட்ட தனிக்குடிசைகள். மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஊர் ஒரு கைப்பிடி, மற்றதெல்லாம் வெறும் மண். கீழே இருப்பவனுக்கு அந்த மண் முழுவதும் ஊர்.

"அங்கே வெற்று நிலம் என்று ஒன்று கிடையாது, உங்களுக்குப் பெயர் தெரியாத நிலம்தான் உண்டு" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குழுத் தலைவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது.

நான் ஒன்பது வயது வரை வளர்ந்தது அப்படி ஓர் ஊரில். அப்பா தூத்துக்குடிக்காரர். ரயில்வே தேர்வு எழுதி வடக்கே வேலை கிடைத்து, அந்தப் பாலைவன ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். ஒரு நாளைக்கு நாலே வண்டிகள். எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் தண்டவாளம், அதற்கப்பால் சரக்குக் கொட்டகை, அதற்கும் அப்பால் மணல்மேடு. அம்மா மூன்று நாள் காய்ச்சலில் இறந்துபோனார். நாங்கள் வேதக்காரர்கள். ரயில்வேயில் வேலை பார்த்த கிறிஸ்தவர்களுக்கென்று ஊரார் விட்டுக்கொடுத்திருந்த சின்ன இடத்தில் அம்மாவை அடக்கம் செய்தார்கள். குளத்துச் சரிவுக்கு நேர் எதிர்ப்பக்கம் அது. சாமியார் யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு மலையாள நர்ஸ் ஜெபம் சொன்னார். சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நடந்துபோனோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மணல் சுட்டது, அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார்.

பிறகு அப்பா மாற்றல் வாங்கித் தெற்கே வந்துவிட்டார். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கல்லறைத் திருநாளுக்கு அவர் மட்டும் இரண்டு நாள் ரயிலில் போய், கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வருவார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் அதுவும் நின்றது. நான் ஒருமுறைகூடப் போகவில்லை. முதலில் பரீட்சை, அப்புறம் வேலை, அப்புறம் ஜெர்மனி. அந்தப் பாலைவனத்தை அங்குலம் அங்குலமாக அளந்து சம்பளம் வாங்குகிறவள், அம்மாவின் தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்றியதில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வரைபட வேலை அந்த ஊருக்கு வந்தது. படத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் என்று கொடுப்பார்கள். அந்தச் சதுரம் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஸ்டேஷனைக் கண்டுபிடித்தேன். சரக்குக் கொட்டகையைக் கண்டுபிடித்தேன். அதற்குப் பின்னால், மணலில், நீளவாட்டில் சின்னச் சின்னச் செவ்வகங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. எண்ணினேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் எண்ணினேன். திரையில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். "கல்லறை" என்று எழுதி, அதற்கான ஊதா நிறத்தை நானே பூசினேன். மீதி மணலுக்கெல்லாம் வேகமாக அந்தக் கடைசிப் பெயரையே போட்டுவிட்டேன்.

இங்கே எதற்கும் நான்கு கண் வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கோப்பு நகரும். எனக்கு இரண்டாவது கையெழுத்துப் போடுகிறவர் ஓர் அக்கா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஏழு வயதில் அகதியாக ஜெர்மனிக்கு வந்து, கெல்சென்கிர்ச்சனில் வளர்ந்தவர். நில அளவையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்துவிட்டு எங்கள் குழுவுக்கு வந்தவர். ஒரு சதுரத்துக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார். என் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பது அவருக்கு வெல்லம். அன்று மட்டும் ஐந்து நிமிடத்தில் முடித்தார்.

"இது உம்மட ஊரெல்லே. நீர் வளந்த இடத்தை நான் என்னெண்டு பிழை எண்டு சொல்லுறது? ஓம், சரி," என்று கையெழுத்துப் போட்டார்.

இந்த வருடம் மே மாதம் அப்பா வந்தார். மூன்று மாத விசா. முதல் வாரம் குளிருக்குப் பழகினார், இரண்டாவது வாரம் ரொட்டிக்குப் பழகினார், மூன்றாவது வாரம் தனியாக நடக்கக் கிளம்பிவிட்டார். அவர் கண்டுபிடித்த இடம், வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கல்லறைத் தோட்டம். பூச்செடியும் நீர்க்குழாயும் பெஞ்சுமாக அது அவருக்குப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், ஒரு கல்லில் ஒட்டியிருந்த சிறிய காகிதத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இந்தக் கல்லறைக்கு உரியவர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும் என்று இருந்தது. இங்கே கல்லறை குத்தகைக்குத்தான், தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன்.

அப்பா சிரித்தார். "செத்தவனையும் காலி பண்ணச் சொல்லுவானா? நம்ம இடத்துல அந்த வம்பே கிடையாது. மணலுக்கு எவன் வரப்போறான்?"

பிறகு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "உங்கம்மா பக்கத்துல தெக்கே ஏழடி விட்டு வச்சிருக்கேன். நாலு மூலைக்கும் நாலு கல்லு நட்டிருக்கு. எனக்கு ஒண்ணுன்னா, தூத்துக்குடியில பெட்டி வாங்கி நேரத்தைக் கடத்தாத. என்னைய அங்கன கொண்டு போட்டுரு. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம் பாத்துக்கோ."

அவர் வாழ்நாளில் என்னிடம் கேட்ட ஒரே காரியம் இதுதான். படிப்பு, கல்யாணம், வெளிநாடு எதிலும் அவர் இப்படிச் செய் என்று சொன்னதில்லை. எனக்கும் பெருமையாகப் போயிற்று. அந்த இடத்தை வரைபடத்தில் ஏற்றியவளே நான்தானே. வாங்கப்பா காட்டுகிறேன் என்று வீட்டுக்கு அழைத்துவந்து, மடிக்கணினியைத் திறந்து, மூன்று வருடப் பழைய படம் என்று சொல்லி, ஊதா நிறத்தைச் சுட்டிக்காட்டினேன்.

அப்பா குனிந்து பார்த்தார். முகம் மாறவில்லை. முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவர்.

"இது ஜல்லிலா கெடக்கு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஜல்லிக் குவியல். தண்டவாளத்துக்கு அடியில போடுத ஜல்லி. அளக்கதுக்குத் தோதா இப்படித்தான் நீள நீளமா குமிச்சு வைப்பான். இது புது ஸ்டேஷனுட்டி. மீட்டர் கேஜை எடுத்துட்டு பிராட் கேஜ் போட்டப்ப லைனையே அங்கிட்டுத் தள்ளிட்டான். கொட்டகையும் புதுசு. நம்ம ஸ்டேஷன் இது இல்ல."

ரயில்வேக்காரன் மகள் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. ஸ்டேஷனை வைத்துத்தான் எனக்கு உலகத்தின் திசையே. ஸ்டேஷன் இடம் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா விரலால் திரையைத் தடவித் தடவிப் பழைய பாதையைக் கண்டுபிடித்தார். தண்டவாளம் இல்லை, அது போன மேடு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த தொட்டியின் அடித்தளம் வட்டமாக இருந்தது. "அதுல இருந்து பன்னிரண்டு தந்திக் கம்பம்," என்றார். கம்பத்துக்குக் கம்பம் எவ்வளவு தூரம் என்று அவருக்கு மனப்பாடம். அளந்தேன். இப்ப வலது கைப் பக்கம் திரும்பு என்றார். திரும்பினேன். அங்கே நான் வெற்று நிலம் என்று எழுதியிருந்தேன்.

நிறத்தை நீக்கிவிட்டுப் பெரிதாக்கினேன். அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மணலில் மங்கலாகப் பதினோரு திட்டுகள். ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடைவெளி. அப்பா அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பழைய படம்னு சொன்னியே. இப்ப எடுத்தது இருக்கா?" என்று கேட்டார்.

போன மாதத்துப் படத்தை எடுத்தேன். மேட்டிலிருந்து அந்தப் பக்கம் முழுவதும் கருநீலம். கல்லறைத் தோட்டமும் அதைச் சுற்றியிருந்த மணலும் ஒரே நீலத்துக்குள் போயிருந்தன. அது என்ன என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அதை அடையாளம் காண்பது என் தொழில். சூரிய மின்சாரப் பலகைகள்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஏட்டி, தண்ணி வந்துட்டா?" என்றார்.

படத்தைப் பெரிதாக்க நீட்டிய விரலை எடுத்துக்கொண்டேன்.

"கால்வாய் வருது வருதுன்னு நான் இருக்கும்போதே சொல்லிக்கிட்டிருந்தான். வந்துட்டு பாத்தியா! எவ்வளவு பெரிய ஏரி!" என்றார். "உங்கம்மா ரெண்டு குடம் தண்ணியில நம்ம மூணு பேரையும் குளிப்பாட்டி, துணியையும் அலசி, மிச்சத்தைச் செடிக்கு ஊத்துவா. இப்ப அவளச் சுத்தித் தண்ணி."

அது ஏரி இல்லையப்பா என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் அலுவலகத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பழைய கோப்புகளைத் தேடினார். எங்கள் வரைபடத்தை வாங்கியவர்கள், மின்சாரப் பலகை வைக்கத் தோதான வெற்று நிலங்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். எங்கள் சதுரத்தின் எண் அதில் இருந்தது. பதினோரு பேரும் அந்த எண்ணுக்குள் இருந்தார்கள். ஜல்லிக் குவியலைக் கல்லறை என்று மதித்து, அதை விட்டு விலக்கி வேலி கட்டியிருந்தார்கள் என்பதும் புதுப் படத்தில் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் வடிவாப் பாத்திருந்தா கண்டிருப்பன். உம்மட ஊர் எண்டு விட்டிட்டன். என்ர கையெழுத்தும் கிடக்குது," என்றார்.

குழுத் தலைவரிடம் போனோம். அவர் நல்ல மனிதர். நம் வரைபடம் இல்லாவிட்டாலும் அங்கே அதைத்தான் கட்டியிருப்பார்கள், யாராவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும், திருத்தத்துக்கு ஓர் அந்த்ராக், அதாவது விண்ணப்பம், எழுதுங்கள், அடுத்த பதிப்பில் சேர்ப்போம் என்றார். எழுதினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்தப் படிவத்தில், இந்த நிலத்தின் தற்போதைய பயன் என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் மின்சாரப் பலகை என்றுதான் எழுத வேண்டியிருந்தது. ஒரு நிலத்துக்கு ஒரு பெயர்தான் என்பது எங்கள் விதி.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தார், இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு. அப்பாவுக்கு அவரைக் கண்டதில் சந்தோஷம். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"எங்க ஊருக்குத் தண்ணி வந்துட்டும்மா. இவ காட்டினா. கடல் மாதிரி கெடக்கு. ஆனா ஒரு யோசனை. கரை எதுவரைக்கும் வருதுன்னு தெரியல. தண்ணிக்குள்ள குழி வெட்ட முடியாதுல்லா? உங்க மெஷின்ல அளந்து சொல்ல முடியுமா?"

அக்கா, "பாப்பம் ஐயா," என்று மட்டும் சொன்னார். அப்பா கை கழுவப் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லும். இண்டைக்கே சொல்லும். அந்த மனுசன் கரை தேடுறார். அவற்ர முகத்தைப் பாத்து என்னாலை பொய் சொல்ல ஏலாது."

அக்கா போனபிறகு சொன்னேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. அது தண்ணீர் இல்லை என்றேன். பலகைகள் என்றேன். அந்த நிலத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தது நான்தான் என்றேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கைகளை முழங்கால் மேல் வைத்திருந்தார்.

"உள்ள எதையாவது விட்டு வச்சிருக்கானா?" என்று கேட்டார்.

"தெரியல. மேல இருந்து பார்த்தா பலகை மட்டும்தான் தெரியுது."

"அந்த நாலு கல்லு?"

"தெரியலப்பா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி என் தலையில் கைவைத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் யானை இல்லை, என் அடி சறுக்கியது என் அம்மாவின் மேல். அதைச் சத்தமாகச் சொல்லியும் விட்டேன். அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கும் போகவில்லை. நான் ராஜஸ்தானில் உள்ள அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றிலிருந்து மட்டும் பதில் வந்தது. நிலத்தில் எந்த ஆக்கிரமிப்பும் இல்லை என்று முறையான வரைபடம் உறுதி செய்துள்ளதாக அதில் எழுதியிருந்தது. அதை அப்பாவுக்குக் காட்டவில்லை.

அவர் ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தபோது, காலை உணவு மேஜையில், அந்தப் படத்தை எடு என்றார். எடுத்தேன். வேலி எங்கே ஓடுகிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். நீலத்தின் தெற்குப் பக்கத்தை விரலால் தொட்டு, மேற்கே நகர்த்தி, மூலையில் நிறுத்தினார்.

"என்னைய எரிச்சிரு," என்றார்.

"அப்பா!"

"குழிக்குத்தான இடம் வேணும்? சாம்பலுக்கு வேண்டாம்லா. ஆனி மாசம் அங்கன காத்து தென்மேற்கால இருந்து அடிக்கும். ஒரு ராத்திரியில தண்டவாளத்தையே மூடிரும், கேங்க்மேனெல்லாம் விடிய விடிய அள்ளுவான். அந்தக் காத்துக்கு நான் ஒரு பாரமா? நீ வேலிக்கு வெளிய இந்த மூலையில நின்னு விட்டா போதும். உள்ள கொண்டு சேர்த்துரும்."

"நம்ம வேதத்துல அப்படிப் பண்ணுவாங்களாப்பா? சாமியார் ஒத்துக்கிடுவாரா?"

"சாமியார்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ உன் வேலையைப் பாரு." பிறகு நிமிர்ந்து, "திருப்பிச் சொல்லு," என்றார்.

ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்குச் செய்தி சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வண்டியை விடுவார்கள். அவர் தொலைபேசியில் அப்படிக் கேட்பதைச் சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆனி மாசம்," என்றேன். "தென்மேற்கு மூலை. வேலிக்கு வெளிய நிக்கணும்."

"நின்னு?"

"விடணும்."

"எதை?"

அப்பா காத்திருந்தார். முழுச் செய்தியும் வராமல் அவர் விடமாட்டார்.

"உங்களை," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவ ஆரம்பித்தார்.